ஸ்காட்லாந்து வெள்ளிக்கு அவிநாசித் திருநீறு

எங்கள் ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து வருஷத்துக்கு நான்கு முறைதான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறு. மற்ற சபைகளில் மாதாமாதம் எடுக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. அது ஸ்காட்லாந்து வழக்கம் என்று பதில் வரும். எங்கள் சபையில் விளங்காத எதற்கும் அந்த ஒரே பதில்தான். பாட்டை ஏன் உட்கார்ந்தபடியே பாடுகிறோம், ஜெபத்துக்கு ஏன் எழுந்து நிற்கிறோம், மேடையில் ஏன் ஒரு பூ கூட வைப்பதில்லை, எல்லாமே ஸ்காட்லாந்து வழக்கம். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பெரியவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள்.

கோயமுத்தூருக்கும் சூலூருக்கும் நடுவே ஒரு நூற்பாலை இருந்தது. அதற்கு இயந்திரம் பூட்ட வந்த ஸ்காட்லாந்து இஞ்சினீயர் ஒருவர்தான் இந்த ஆலயத்தைக் கட்டியவர். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டிடம். அவருடைய சொந்த ஊர் கடலோரக் கிராமமாம். அங்கே இருந்த இரண்டு சபைகள் ஒன்றாகச் சேர்ந்தபோது ஒரு கோயிலின் வெள்ளிச் சாமான்கள் மிச்சப்பட்டுப் பெட்டியில் கிடந்தனவாம். பெட்டியில் கிடப்பதற்கு இங்கே வரட்டும் என்று அவர் கடிதம் எழுதினார், கப்பலில் வந்து சேர்ந்தன. ஒரு கூஜா, ஒரு பெரிய தட்டு, காலுள்ள உயரமான இரண்டு பாத்திரங்கள். அவர் போய், மில் கைமாறி, பிறகு மில்லே மூடிப்போன பின்னும் அந்த நான்கும் இன்றுவரை எங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. கொரோனா வந்தபோது மட்டும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஆளுக்கு ஒரு முழுங்கு கொடுத்துப் பார்த்தார்கள். இருமல் மருந்து குடிப்பதைப் போல இருந்தது. நோய் ஓய்ந்ததும் வெள்ளி திரும்பிவிட்டது.

எங்கள் முறையில் யாரும் எழுந்து முன்னால் போய் மண்டியிடுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்த இடத்துக்கே பாத்திரம் வரும். வரிசையின் ஓரத்தில் இருப்பவர் கையில் சபையின் மூப்பர் கொடுப்பார். அவர் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க, கைமாறிக் கைமாறி மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும். அன்றைக்குப் பெஞ்சுகளின் சாய்மானத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். அந்த ஊரில் என்ன துணியோ, இங்கே சோமனூர்த் தறியில் நெய்த நாலு முழ வேட்டி. ஆலயத்தில் பேச்சுமூச்சு இருக்காது. ஃபேன் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொருவரும் விழுங்குகிற சத்தம் கேட்கும்.

சபையில் இன்னும் சேர்க்கப்படாத சிறுபிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. அம்மா குடித்துவிட்டு என் தலைக்கு மேலே அடுத்து உட்கார்ந்திருப்பவளுக்கு நீட்டுவாள். திராட்சரசத்தின் வாசனையும் உலோகத்தின் வாசனையும் கலந்து ஒரு நொடி என் மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும். எனக்கு உடம்பு சிலிர்க்கும். எந்தக் கடலிலோ மீன் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்த யார் யாருடைய உதடோ பட்ட விளிம்பில் எங்கள் அப்பாவின் மீசை படுகிறதே என்று நினைத்து நினைத்து மலைத்துப்போவேன். அந்த மீனவர்கள் செத்து எத்தனை காலமோ ஆகியிருக்கும். பாத்திரம் மட்டும் வரிசை தவறாமல் கைமாறிக்கொண்டே எங்கள் பெஞ்சுவரை வந்துவிட்டது. மேல்நாட்டுக்கும் எங்கள் காலனிக்கும் நடுவே ஒரே நீளமான பெஞ்சு போட்டிருப்பதாகவே அப்போது நம்பியிருந்தேன்.

ஒரு விஷயம்தான் உறுத்தல். எங்கள் பக்கத்துக்கு வரும் பாத்திரம் கறுப்பு.

ஆலயத்தில் நடைபாதைக்கு வலப்பக்கம் டீச்சர்கள், மில் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள். இடப்பக்கம் நாங்கள். எங்கள் ஆட்கள் இரண்டு தலைமுறைக்கு முன்னால் தோட்டங்களில் பண்ணையாட்களாக இருந்தவர்கள், பிறகு மில்லுக்கு வந்தவர்கள். வலப்பக்கம் போகும் பாத்திரம் கண்ணாடி போல இருக்கும். எங்களுடையது அடுப்பில் வைத்து எடுத்ததுபோலக் கன்றிக் கறுத்திருக்கும். உள்பக்கம் மட்டும் கழுவித் துடைத்திருப்பார்கள். ஒன்று வெள்ளி, மற்றது ஈயம் என்று நான் எண்ணியிருந்தேன். சில சமயம், எங்கள் அப்பாமார்களின் கையில் மில் கிரீஸ் இருப்பதால் பாத்திரமும் கறுத்துவிட்டது என்றும் தோன்றும். இரண்டில் எது சரி என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் ஸ்காட்லாந்து வழக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வெள்ளிப் பெட்டி எப்போதும் பெரிய டீச்சர் வீட்டில் இருக்கும். மில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். என் அம்மாவுக்கும் மூன்றாம் வகுப்பில் அவர்தான் டீச்சர். திருவிருந்துக்கு முந்தின நாள் சாமான்களைத் துலக்குவது அவருடைய பொறுப்பு, அவருக்கு முன்னால் அவருடைய மாமியாருடையது. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. எனக்குப் பதினோரு வயது நடந்த வருஷம், மார்ச் மாதக் கடைசியில், பெரிய டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கையில் மாவுக்கட்டு.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர், அடுத்த வாரத் திருவிருந்துக்கு ஃபிட்டர் வீட்டம்மா வெள்ளியைத் துலக்கித் தருவார் என்று அறிவித்தார். ஈரோட்டிலிருந்து புதிதாக வந்திருந்த இளவயதுக்காரர். ஃபிட்டர் என் அப்பா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல. வலப்பக்கத்தில் தொண்டையைச் செருமுகிற சத்தம் இரண்டு மூன்று கேட்டது.

சனிக்கிழமை காலையில் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, கேரியரில் கட்டிய பெட்டியின் மேல் கை வைத்தபடி அம்மா பின்னால் வர, வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். வழியில் ஒரு ஈ காக்கை இல்லை என்பது வேறு விஷயம். காலனிக்குள் நுழைந்ததும்தான் கூட்டம் சேர்ந்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, பெண்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டி எங்கள் தெருவுக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. அவிநாசியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேராதவள் அவள் ஒருத்திதான். அதனால் யாருக்கும் யாரோடும் சண்டை கிடையாது. சித்திரைத் தேருக்கு எங்களை அழைக்க வருஷா வருஷம் வருவாள், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கும் தவறாமல் வருவாள்.

அப்பா மில்லுக்குப் போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பச்சைக் கம்பளித் துணி தைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்துக்குத் தகுந்த பள்ளம் இருந்தது. பெரிய டீச்சர் துலக்குவதற்கு ஊட்டியிலிருந்து ஒரு டப்பா மருந்து வரவழைப்பார் என்று கேள்வி. பெட்டியில் அது இல்லை. டப்பா தீர்ந்துபோய்விட்டது, உனக்குத் தெரிந்தபடி செய் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்குத் தெரிந்தது பித்தளைக்குப் புளி, அலுமினியத்துக்குச் சாம்பல். எங்கள் வீட்டில் வெள்ளி என்று சொல்ல என் கால் கொலுசுகூடக் கிடையாது.

"புளி போட்டா வெள்ளி அரிச்சுப்போடுமா என்னமோ தெரியலீங்களே அண்ணி" என்றாள் அம்மா. "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நாளைக்கு அந்த எடத்துல நான் எப்படிங்க போயி உக்காருவேன்? நம்மாளுககிட்டக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லிப்போடுவாங்க."

அத்தை யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்குத் திருநீறுதான் அம்மிணி. நான் வேலை செய்யற தோட்டத்துப் பண்ணாடிச்சி ஊட்டுல குத்துவெளக்கு, சந்தனக் கிண்ணம் எல்லாத்துக்கும் அதைத்தான் போட்டுத் தேய்ப்பாங்க. பால் கணக்கா வெளுத்துப்போகும்."

"நீங்க தேச்சிருக்கறீங்களா?"

"என்னைய எங்க தொட உட்டாங்க? கொல்லையில நின்னு பாத்திருக்கறேன்."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். அவிநாசிக் கோயில் திருநீறு. இயேசுவின் பாத்திரத்துக்குக் கோயில் திருநீறா? சன்டே ஸ்கூலில் எனக்கு வசன மனப்பாடத்தில் முதல் பரிசு. இப்படிப்பட்ட காரியத்துக்கு ஆகாயத்திலிருந்து அக்கினி இறங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள்.

"கண்ணு, வெளியில யாருகிட்டயும் மூச்சு உடக்கூடாது" என்றாள்.

முதலில் தட்டு, பிறகு கூஜா. பழைய மல்லுவேட்டியைக் கிழித்து, திருநீற்றைத் துளி ஈரத்தில் குழைத்து, அம்மா ஒரு பக்கம் அத்தை ஒரு பக்கம் தேய்த்தார்கள். அத்தை வெள்ளியைத் தொடும்போது கைக்குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டாள். கூஜாவின் அடியைத் திருப்பியவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை அழைத்தாள். நகக்கண் அளவில் இரண்டு முத்திரைகள் குத்தியிருந்தன. ஒன்றில் மூன்று கோபுரம் வைத்த கோட்டை, இன்னொன்றில் முள்ளோடு ஒரு பூ.

"இது பிரமதண்டுப் பூவாட்டம் இருக்குது. இங்க பாரு, மூணு கோபுரம்! உங்க சாமி பாத்திரத்துலயும் கோபுரம் இருக்குதே கண்ணு, அப்பறம் திருநீறு போட்டா என்ன தப்பு?"

அந்த வாதத்தில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பளபளப்பான பாத்திரத்துக்கு அதிக வேலை இருக்கவில்லை, பெரிய டீச்சரின் கை பட்டுப் பட்டு அது ஏற்கெனவே வழவழவென்று இருந்தது. கடைசியில் அம்மா கறுப்புப் பாத்திரத்தை எடுத்தாள். எடுத்ததும் மடியில் வைத்துக்கொண்டாள். உள்பக்கம் மட்டும் கழுவி வைத்தால் போதும் என்று பெட்டியைக் கொடுத்தபோது சொல்லியிருக்கிறார்களாம். இதை அவள் அத்தையிடம் மெதுவாகச் சொன்னாள். அத்தை பொட்டலத்தில் மிச்சமிருந்ததை அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினாள்.

அம்மா தேய்க்கத் தொடங்கினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. துணிதான் கறுத்தது. இன்னொரு துணி, அதுவும் கறுத்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்ட, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் தேய்த்தாள். கால் மணி நேரம் கழித்து ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு இடம் வெளுத்தது. நான் குனிந்து பார்த்தேன். அதற்குள் என் கண் தெரிந்தது.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? ஈயம் என்று நினைத்திருந்தது வெள்ளி. என் வாழ்நாள் முழுக்க என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது வெள்ளி. நான் கத்திவிட்டேன். அம்மா கத்தவில்லை. அவள் நிறுத்தாமல் தேய்த்தாள், அந்த வெளுப்பு பரவிக்கொண்டே போனது. வயிற்றுப் பக்கத்தில் எழுத்துகள் எழுந்து வந்தன. வளைவு வளைவான ஆங்கில எழுத்து, ஏதோ ஊர்ப் பெயர், அதன் கீழே பதினேழில் தொடங்கும் ஒரு வருஷம். மற்றப் பாத்திரத்திலும் அதே எழுத்துதான். ஆனால் அதில் தேய்ந்து தேய்ந்து பாதி மழுங்கிப்போயிருந்தது. இதிலோ நேற்று வெட்டியதுபோல ஆழமாக இருந்தது, விரலை வைத்தால் நகம் இடறியது. யாரும் துலக்காமல் விட்டதால் வந்த லாபம். நம்முடையதுதான் உசத்தி என்று நான் குதித்தேன்.

இரண்டையும் கழுவித் துடைத்துப் பாயின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசமே தெரியவில்லை. ஓட்டுக் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெயில் இரண்டிலும் பட்டு, எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் ஆடின. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு வேறு எப்படி மரியாதை செய்வது என்று தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை, நானும் கும்பிட்டேன். அம்மா அழுதாள். திருநீறு கண்ணில் விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. கதவைத் திரும்பச் சாத்தினார்.

"என்ன புள்ள இப்படிப் பண்ணிப்போட்டே? எது எந்தப் பக்கத்துதுன்னு நாளைக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க" என்றாள் அம்மா.

"அந்தப் பக்கத்துக்காரங்க சும்மா இருப்பாங்களா? வெளக்கெண்ணெப் பொகையில காட்டி அதைக் கொஞ்சம் கறுக்கி வெச்சுப்போடு. பழையபடி இருக்கட்டும்."

அம்மா பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாவை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் குரல் உயரவில்லை.

"ரெண்டும் வெள்ளிதானுங்களே" என்றாள்.

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். துலக்கியது திருநீற்றால் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு பயம் என்று நான் முடிவுகட்டினேன். அக்கினி இறங்கப்போவது உறுதி. அம்மாவுக்கு வந்த ஒரே ஒரு கௌரவம், அது என் சொந்த அத்தையின் சுருக்குப்பையால் கெடப்போகிறது. சாயங்காலம் முழுக்க ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு எழுத்துகளின் இடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளையை நோண்டிக்கொண்டிருந்தேன். மழுங்கிய எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆழமான எழுத்தில்தான் திருநீறு அப்பிக் கிடந்தது, நோண்ட நோண்ட வந்துகொண்டே இருந்தது. இருட்டியதும் அம்மா பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆலயத்தில் போதகர் மேஜையின் வெள்ளைத் துணியை விலக்கியதும் இரு பக்கத்திலும் ஒரு மூச்சு எழுந்தது. இரண்டு பாத்திரங்களும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றுபோல ஜொலித்தன. காலனிப் பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். வலப்பக்கம் குசுகுசுவென்று பேச்சு ஓடியது. இரண்டு மூப்பர்கள் முன்னால் வந்து நின்றார்கள். வயதில் பெரியவர் வழக்கம்போல் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். போதகர் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். நான் அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டேன். கண்டுபிடித்துவிட்டார்கள், எழுத்துக்குள் வெள்ளை தெரிந்துவிட்டது.

போதகர் கூஜாவிலிருந்து இரண்டிலும் ஊற்றினார். கண்ணை மூடி ஜெபம் செய்தார். மூடிய கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்து, வலது கையில் இருந்ததை ஒருவரிடமும் இடது கையில் இருந்ததை மற்றவரிடமும் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கம் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. அம்மாவின் கைக்குப் பாத்திரம் வந்தது. அவள் உடனே குடிக்கவில்லை. கட்டைவிரலால் எழுத்திருக்கும் இடத்தைத் தடவினாள். மறுபடியும் தடவினாள். மிச்சமிருக்கும் திருநீற்றைத் துடைக்கிறாள், புத்திசாலி அம்மா என்று நினைத்துக்கொண்டேன். குடித்தாள். என் தலைக்கு மேலே பாத்திரம் போனபோது அண்ணாந்து பார்த்தேன், அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது, எழுத்து மழுங்கியிருந்தது. அப்படியானால் திருநீறு அப்பிய பாத்திரம் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

அம்மாவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெப நேரத்தில் தலையைத் தூக்கினால் என் காதைத் திருகுகிறவள், தானே தலையை நிமிர்த்தி நடைபாதைக்கு அப்பால் பார்த்தாள்.

வலப்பக்கத்தில் வயதான ஒருவர் பாத்திரத்தை வாங்கி, வாயில் வைக்காமலே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டார். அவரும் அப்படியே தள்ளினார். இன்னொரு அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். மூன்று பேர். அவர்களுக்கு வயிறு சரியில்லை போலும் என்று எண்ணினேன். பிறகு அது பெரிய டீச்சரிடம் வந்தது. வலக்கையில் மாவுக்கட்டு இருந்ததால் இடக்கையால் வாங்கி மடியில் நிறுத்திக்கொண்டார். முப்பது வருஷமாக மற்றதைத் துலக்கிய விரல்கள் எழுத்தின் மேல் போய் நின்றன. அவர் குனிந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்தையே பார்த்தார்.

ஆண்டவரே, அவர் கண்ணை மறையும் என்று ஜெபித்தேன். என் ஆயுளில் அதைப்போல உருகி ஜெபித்ததில்லை.

ஆலயமே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய டீச்சர் தலையைத் தூக்கினார். நடைபாதையைத் தாண்டி நேராக என் அம்மாவைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு பாத்திரத்தைத் தூக்கிக் குடித்தார். பெயருக்கு உதட்டை நனைக்கவில்லை, தொண்டை அசைவது எங்கள் பெஞ்சுவரை தெரியும்படி குடித்தார். அவருக்கு அடுத்து இருந்த ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த இரண்டு பாத்திரங்களின் கதையை அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் சபையில் சேர்ந்த முதல் வருஷம், அவர்கள் வாய் வைத்ததில் எங்களால் வாய் வைக்க முடியாது என்று ஏற்கெனவே இருந்தவர்கள் மறுத்துவிட்டார்களாம். இஞ்சினீயர் எவ்வளவோ மன்றாடியும் நடக்கவில்லை. பாத்திரம் இரண்டாக இருந்தது வசதியாகப் போய்விட்டது. அது மாறிவிடக்கூடாது என்பதற்காக ஒன்றைத் துலக்காமல் விட்டார்கள். கறுக்கக் கறுக்க அடையாளம் சுலபமானது. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிக்கத்தான் அந்தக் கடலோரத்துக்காரர்கள் அதைச் செய்தார்கள், நாங்கள் அதை வைத்தே ஒரு வேலியும் போட்டுக்கொண்டோம். இது எந்த நாட்டு வழக்கம் என்று அன்றைக்கு நான் அம்மாவிடம் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டது. வாய் வைக்க மறுத்த மூன்று பேரின் குடும்பங்களும் அந்த மாதமே டவுனில் வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்களுக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆராதனை முடிந்து வாசலுக்கு வரும்போது பெரிய டீச்சர் எங்கள் பக்கம் நடந்து வந்தார். அவர் அம்மாவின் முன்னால் நின்றார்.

"எழுத்துக்குள்ள வெள்ளையா நிக்குது, பாத்தேன்" என்றார். "அடுத்த தரம் பல் வெளக்கற பிரஷ்ஷு வெச்சுத் தேச்சுப்போடு. ரெண்டையும்."

"சரிங்க டீச்சர்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். டீச்சர் இடக்கையால் அம்மாவின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

காலனிவரை அப்பா சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே எங்களோடு நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சமையல்கட்டில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். அப்பா நிலைப்படியில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேய்த்து, கடைசியில் டீச்சரிடம் பேச்சு வாங்கிவிட்டாளே. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

"அழுகாதம்மா" என்றேன். "அது திருநீறுன்னு டீச்சருக்குத் தெரியவே தெரியாது. சுண்ணாம்புன்னுதான் நெனச்சிருப்பாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியலம்மா."

அம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள், நிலைப்படியில் நின்ற அப்பாவும் சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழிய அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என் பேச்சு எடுபட்டது, அம்மாவைத் தேற்றியது நான்தான் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.